மஞ்சள் முடிச்சும் கோச் வேலையும்

எனக்கு வேலை கிடைத்த செய்தியைக் கேட்டவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "மைதானத்தில நிண்டு விசில் ஊதுறதுக்கும் சம்பளமோ?" பாதிப் பேர் பகிடிக்குக் கேட்டார்கள். மற்றப் பாதிக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது. ஓம், சம்பளம்தான், அரசாங்கச் சம்பளம், வேணுமெண்டால் நீங்களும் வந்து ஊதிப் பாருங்கோ என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்துவிடுவேன். எனக்கு வாய் கொஞ்சம் கூட. முள்ளியவளையில் அது தெரியாதவர்கள் குறைவு.

அந்த வேலையைத் தேடி அலைந்த கதையைத்தான் சொல்ல வந்தேன். ஆனால் எங்கள் வீட்டுச் சாமியறையில் ஆணியில் தொங்கிய ஒரு மஞ்சள் முடிச்சைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

முடிச்சு என்றால் பெரிய சங்கதி ஒன்றுமில்லை. ஐந்து ரூபாய் நாணயக் குற்றி ஒன்றை மஞ்சள் தண்ணீரில் நனைத்த துணியில் வைத்துக் கட்டியது, அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் ஏதாவது ஆக வேண்டுமென்றால் இப்படித்தான் நேர்த்தி வைப்பார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் மாற வேண்டும், காணாமல் போன மாடு பட்டிக்கு வர வேண்டும், மகளுக்கு ஒரு நல்ல இடம் அமைய வேண்டும். கேட்டது நடந்தால் முடிச்சைக் கொண்டுபோய்க் கோயிலில் கொடுத்துவிட வேண்டும். நடக்கும்வரை அது வீட்டிலேயே இருக்கும். நடக்காமல் யாரும் கொடுக்கமாட்டார்கள். கொடுத்தால் நேர்த்தி முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

அம்மாவின் முடிச்சு அண்ணாவுக்காகப் போட்டது. கடைசிச் சண்டையின் முடிவில் சனத்தோடு சனமாக வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்தோம். அப்பா அதற்கு முதல் வருடமே இறந்து போயிருந்தார். அம்மா, அண்ணா, நான், மூன்று பேர்தான். இந்தப் பக்கம் வந்ததும் ஆமிக்காரர், இளம் பெடியள் பெயர் பதிய வேண்டும் என்று கூப்பிட்டார்கள். அண்ணா கையிலிருந்த பையை என்னிடம் தந்தார். "நீ அம்மாவோட முன்னுக்குப் போ, நான் பின்னால வாறன்" என்றார். நாங்கள் முன்னுக்குப் போனோம். அவர் வரவில்லை.

எங்களைக் கொண்டுபோய் விட்ட முகாமில் பக்கத்துக் கூடாரத்து அக்கா ஒருவர், அம்மை போட்ட தன் பிள்ளைக்காக மஞ்சள் வைத்திருந்தார். அவரிடம் ஒரு துண்டு கேட்டு வாங்கி, தன் சேலைத் தலைப்பைக் கிழித்து, வற்றாப்பளைக் கோயில் அம்மாளாச்சியை நினைத்து அம்மா அந்த முடிச்சைப் போட்டார். ஊருக்குத் திரும்பியபோது வீட்டில் கூரை இல்லை. நின்ற சுவரில் அம்மா முதலில் அடித்தது ஓர் ஆணி. பிறகுதான் கூரைக்குத் தறப்பாள் கட்டினோம். ஒவ்வொரு வைகாசியிலும் வற்றாப்பளைப் பொங்கலுக்கு முன்னால் பழைய துணியை அவிழ்த்து, புதுத் துணியை மஞ்சளில் நனைத்து, அதே குற்றியைத் திரும்பவும் கட்டி மாட்டுவார். குற்றி மட்டும் மாறவே இல்லை.

அண்ணா நல்ல ஓட்டக்காரன். பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டியில், கோல் மாற்றி ஓடுகிற அஞ்சலோட்டத்தில் நாலாவது ஆளாக அவரைத்தான் விடுவார்கள், விட்டதைப் பிடிப்பார் என்று. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மதகடியில் என்னை நிறுத்தி, "நீ முன்னுக்கு ஓடு, நான் பின்னால வாறன்" என்பார். நான் உயிரைக் கொடுத்து ஓடுவேன். எங்கள் வீட்டுப் படலைக்குக் கிட்டப் போகும்போது பக்கத்தால் சிரித்துக்கொண்டு போவார். எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு மண்ணை அள்ளி எறிவேன். ஓட்டம் எனக்குள் வந்தது அந்த ஆத்திரத்தில்தான் என்று நினைக்கிறேன்.

பிறகு நானும் பள்ளிக்கூடத்துக்காக ஓடினேன், வலயமட்டம், மாகாணமட்டம் என்று போனேன், உடற்கல்வியில் டிப்ளோமாவும் முடித்தேன். சொந்தக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து என்ன படிக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். "விளையாட்டைப் படிக்கிறதோ? அப்ப படிப்பை என்ன செய்யிறது, விளையாடுறதோ?" என்று தன் பகிடிக்குத் தானே வயிறு குலுங்கச் சிரித்தார். அம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தார். நானென்றால் கொடுத்திருக்க மாட்டேன்.

அம்மா இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவர். இடியப்ப உரலைப் பிழிந்து பிழிந்து அவருடைய வலது தோள் இடதைவிடச் சற்றுப் பதிந்திருக்கும். நான் ஒரு வேலைக்குப் போனால் அந்த உரலைக் கிணற்றுக்குள் போடுவேன் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். வேலைதான் வரவில்லை.

முதல் நேர்முகம் வவுனியாவில். பெரிய பள்ளிக்கூடம். மேசைக்குப் பின்னால் மூன்று சேர்மார் இருந்தார்கள். நடுவிலிருந்தவர் என் சான்றிதழ்களை விசிறிபோல் பிடித்துக்கொண்டு, "கிரிக்கெட் தெரியுமோ?" என்று கேட்டார்.

"என்ர பக்கம் மெய்வல்லுநர்தான் சேர். ஓட்டம், அஞ்சலோட்டம்."

"ஓட்டத்துக்கு என்னத்துக்குப் பிள்ளை கோச்? பிள்ளையள் தங்கட பாட்டுக்கு ஓடுவினம்தானே."

"ஓடுவினம்தான் சேர். மாடும் ஓடும்" என்றேன்.

அந்த நேர்முகம் அத்தோடு முடிந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது என் வாயை நானே கிள்ளிக்கொண்டேன்.

இரண்டாவது கிளிநொச்சியில். இப்போது எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் இது ஒரு முறை. வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர்கள் காசு சேர்த்து, தங்கள் பள்ளிக்கூடத்துக்குத் தாங்களே ஒரு கோச்சை வைத்துக்கொள்வார்கள். நேர்முகம் அதிபரின் அறையில், கணினித் திரையில். அந்தப் பக்கம் தடித்த குளிர்ச்சட்டை போட்ட ஒருவர். இந்தப் பக்கம் வியர்த்து ஊற்ற நான். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பாதியில் இணைப்பு அறுந்து, வாயைப் பிளந்தபடி என் முகம் திரையில் உறைந்து நின்றதை நானே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்ப இணைப்பு வந்ததும் அவர், "தங்கச்சி, நீங்கள் எங்கட பள்ளிக்கூடத்துப் பழைய மாணவியோ?" என்று கேட்டார்.

"இல்லை அண்ணை."

"அப்பிடியே. பாப்பம், என்ன?"

எங்கள் ஊரில் "பாப்பம்" என்று சொன்னால் வீட்டுக்குப் போ என்று அர்த்தம். அது தெரிந்திருந்தும் நான் பல நாள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். கடைசியில் அந்த வேலை அவர்களுடைய பழைய மாணவர் ஒருவருக்குப் போனது.

அன்றைக்குக் குசினியில் அம்மாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். அம்மா மாக் குழைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, எனக்கும் ஒண்டு முடிஞ்சு வையுங்கோவன்."

அம்மாவின் கை நின்றது. "ஒரு முடிச்சு நிக்கேக்க இன்னொண்டு போடுறேல்லைப் பிள்ளை."

"ஏன், அம்மாளாச்சிக்கு ரெண்டு காது இல்லையோ?"

"பகிடி விடாதை. ஒண்டைக் கேட்டுட்டு, அதுக்கு மறுமொழி வர முன்னம் இன்னொண்டைக் கேட்டா, முதல் கேட்டதைக் கைவிட்ட மாதிரி. அவன் வரட்டும். வந்த அண்டைக்கே உனக்குப் போடுறன்."

எங்கள் வீட்டில் அம்மாளாச்சியிடமும் வரிசை இருந்தது. அண்ணா முன்னுக்கு நின்றார், நான் பின்னுக்கு நின்றேன், வரிசை நகரவே இல்லை. எனக்குக் கோபம் வந்தது. அண்ணாவில் இல்லை, அவரில் எப்படிக் கோபிப்பது. அம்மாவிலும் இல்லை. அம்மாளாச்சியில்தான். இத்தனை வருடமாக ஒரு தாய் துணி மாற்றி மாற்றிக் கட்டுகிறாள், ஓம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல் சொன்னால் என்ன? அன்றிலிருந்து எனக்கும் அம்மாளாச்சிக்கும் பேச்சில்லை. சாமியறைப் பக்கமே போகமாட்டேன். அம்மாதான் விபூதியைக் கொண்டுவந்து என் நெற்றியில் பூசிவிட்டுப் போவார்.

மூன்றாவதாகக் கிடைத்தது வேலையில்லை, வேலை வரலாம் என்ற கதை. கடற்கரைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் பிரதி அதிபர் ஒரு ரீச்சர். நான் ஓடிய காலத்தில் என்னைத் தெரிந்தவர். "பிள்ளை, கல்வி வலயத்தால பயிற்றுவிப்பாளர் எடுக்கப் போகினமாம். அதுவரைக்கும் இஞ்சை வந்து சும்மா பழக்குங்கோ. பழக்கின அனுபவம் இருந்தா நேர்முகத்தில எடுபடும்" என்றார். எங்கள் நாட்டில் "சும்மா" என்றால் சம்பளம் இல்லை. சரி, வீட்டிலிருந்து இடியப்பத் தட்டு கழுவுவதைவிட இது பரவாயில்லை என்று பின்னேரங்களில் சைக்கிளில் போகத் தொடங்கினேன்.

மைதானம் என்று சொன்னாலும் பாதி நெருஞ்சி முள். மாடுகளை முதலில் கலைக்க வேண்டும். பிறகு அவை போட்டுவிட்டுப் போனதை அள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் பயிற்சி. பதினாறு வயதுக்குட்பட்ட பெண் பிள்ளைகளின் அஞ்சலோட்ட அணியை எடுத்துக்கொண்டேன். கோல் இல்லை. தண்ணீர்க் குழாயில் ஒரு துண்டு வெட்டி, முனையைக் கல்லில் தேய்த்துக் கோலாக்கினேன்.

கோல் மாற்றுவதுதான் அஞ்சலோட்டத்தின் உயிர். கோலை வாங்கப் போகிறவள், பின்னால் வருகிறவள் குறிக்கு வந்ததும் ஓடத் தொடங்க வேண்டும். பிறகு திரும்பிப் பார்க்கவே கூடாது. பார்த்தால் வேகம் குறையும். கையை மட்டும் பின்னால் நீட்ட வேண்டும், கோல் வந்து உள்ளங்கையில் விழும். "திரும்பிப் பாக்காதை, கையை நீட்டு, வாறவள் வருவாள்" என்று ஒவ்வொரு பின்னேரமும் தொண்டை கிழியக் கத்துவேன்.

நாலாவதாக ஓடுகிறவள் கடற்கரைப் பிள்ளை. தகப்பன் கடலுக்குப் போகிறவர். ஓடுவதற்கு முன் சிலுவை போட்டுக்கொள்வாள், சப்பாத்துப் போட்டால் கால் கனக்குது என்று கழற்றி எறிந்துவிட்டு ஓடுவாள். காற்றாகப் பறப்பாள். ஆனால் கோல் வாங்கும்போது மட்டும் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்துவிடுவாள்.

"எடியே, உன்னை என்ன செய்யிறது? என்னத்துக்குத் திரும்பிறாய்?"

"பாக்காமல் எப்பிடி ரீச்சர் நம்புறது?"

"நம்பித்தான் ஆகவேணும். அதுதான் விளையாட்டு."

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய் அடுத்த முறையும் திரும்பிப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

இப்படி நான் சும்மா பழக்கிக்கொண்டிருந்த நாட்களில் ஒருநாள் காலை, இடியப்பம் வாங்க வந்த உறவுக்காரப் பெண் ஒருவர் வாசலில் நின்று அம்மாவிடம் கதைத்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே தலை இழுத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, நான் சொல்லுறனெண்டு குறை நினையாதையுங்கோ. போனவனைப் பாத்துக்கொண்டு இருந்தது போதும். இருக்கிறவளைப் பாருங்கோ. வேலையுமில்லை, கலியாணமுமில்லை, மைதானத்தில மாட்டோட நிக்கிறாள்."

சீப்பும் கையுமாக வெளியே பாய்ந்தேன். "எங்கட வீட்டுக் கதையில உங்களுக்கு என்ன வேலை? இடியப்பம் எடுத்தாச்செல்லோ, நடவுங்கோ!" என்றேன். அந்தப் பெண் முகத்தை நொடித்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த நாளிலிருந்து வேறு இடத்தில் இடியப்பம் எடுத்தாராம். போனால் போகட்டும். அம்மா என்னை ஏசுவார் என்று நினைத்தேன். அவர் உரலை எடுத்துத் திரும்பவும் பிழியத் தொடங்கினார்.

அந்த வைகாசியும் வந்தது. கடலில் இருந்து தீர்த்தம் எடுத்து, எண்ணெய்க்குப் பதில் அந்த உப்புத் தண்ணீரில் விளக்கெரிகிற கிழமை. அந்தக் கிழமை முழுவதும் எங்கள் வீட்டில் மீன், இறைச்சி, மச்சம் ஒன்றும் இல்லை. பொங்கலன்றைக்கு அம்மாவும் நானும் சனத்தோடு சனமாக வற்றாப்பளைக்கு நடந்தோம். அம்மாளாச்சியோடு கோபம் என்றாலும் அம்மாவைத் தனிய விட முடியாதே. காவடிகள், பாற்செம்பு, ஒலிபெருக்கியில் தாயைத் தவறவிட்ட பிள்ளைகளின் அறிவிப்பு. கோயில் வாசலில் அம்மா என் கையை விட்டார்.

"நீ இஞ்சை நில் பிள்ளை. நான் உள்ளுக்குப் போட்டு வாறன்."

"நெரிபடுவியள் அம்மா. நானும் வாறன்."

"வேண்டாம். நில் எண்டா நில்."

வெகுநேரம் வரவில்லை. பயந்துபோனேன். வந்தபோது கண் சிவந்திருந்தது. கற்பூரப் புகை என்று நினைத்தேன். தண்ணீர்ப் பந்தலில் சர்க்கரைத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தார். இன்னொன்று கேட்டார், அதையும் குடித்தார். விரத நாளில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத மனுசி. "என்னம்மா, வயிறு வறண்டு போச்சோ?" என்று பகிடி பண்ணினேன். "ஓம் பிள்ளை, வறண்டுதான் போச்சு" என்றார்.

அதற்குப் பிறகு அம்மா வீதியோரக் கொட்டிலுக்குப் போகவில்லை. பிள்ளைகளைத் தேடுகிற தாய்மார் படங்களோடு இருக்கிற கொட்டில் அது. அம்மாவும் கிழமையில் ஒருநாள் அண்ணாவின் படத்தோடு போய் இருப்பார். மழையென்றும் வெயிலென்றும் பார்த்ததில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டேன். முழங்கால் குத்துது என்றார். நான் தைலம் வாங்கிக் கொடுத்தேன். என்னைப்போல மோட்டு மடைச்சி உலகத்தில் இல்லை.

வலயத்தின் நேர்முகம் வந்தது. முதலில் செய்துகாட்டும் பகுதி. முன்பின் தெரியாத நாலு பிள்ளைகளைத் தந்து, கோல் மாற்றப் பழக்கிக் காட்டச் சொன்னார்கள். எனக்கு அதுதானே இரவும் பகலும். கத்தாமல், ஏசாமல், பிள்ளைகளை முதலில் நடக்க வைத்து, பிறகு மெல்ல ஓட வைத்து, கை நீட்டப் பழக்கினேன். கடைசி முறை நாலு பேரும் திரும்பிப் பார்க்காமல் கோல் மாற்றினார்கள். பார்த்துக்கொண்டிருந்த சேர் ஒருவர் கைதட்டினார்.

பிறகு அறைக்குள் கேள்வி. எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னேன். இன்றைக்கு வாயைக் கட்டுவது என்று அம்மாவின் தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு வந்திருந்தேன். கைதட்டிய அதே சேர் கேட்டார், "எல்லாம் சரி. கலியாணம் கட்டினாப் பிறகும் ஓடுவியளோ?"

"கலியாணம் கட்டினா கால் கழண்டு போகாது சேர்."

சொன்ன பிறகுதான் சொன்னது விளங்கியது. மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. போச்சு, இதுவும் போச்சு என்று வீட்டுக்கு வந்து, அம்மாவிடம், "உரல் கிணத்துக்குள்ள போகாது அம்மா, பயப்பிடாதையுங்கோ" என்றேன். அம்மா என் முகத்தையே பார்த்தார். "அப்பிடிச் சொல்லாதை. கிடைக்கும்" என்றார். சொன்ன விதம் எனக்குப் புதிதாக இருந்தது. அம்மா எதையும் கிடைக்கும் என்று சொல்கிறவர் அல்ல.

ஒரு பின்னேரம் நெருஞ்சி பிடுங்கிக்கொண்டு நின்றபோது பிரதி அதிபர் போனில் எடுத்தார். "பிள்ளை, உங்கட பேர் வந்திட்டுது! எங்கட பள்ளிக்கூடத்துக்குத்தான்!" கடற்கரைப் பிள்ளையைத் தூக்கிச் சுற்றினேன். "ரீச்சர், விடுங்கோ, விழப் போறன்" என்று அவள் கத்தினாள். சைக்கிளில் ஏறினேன். தண்ணீரூற்றுச் சந்தியில் எனக்குத் தெரியாதவர்களுக்கும் கை காட்டிக்கொண்டு போனேன்.

அம்மா குசினியில் இருந்தார்.

"அம்மா! கிடைச்சிட்டுது!"

அம்மா சிரிக்கவில்லை. நிலத்தில் கையை ஊன்றி மெல்ல இருந்தார்.

"வடிவாக் கேட்டனியோ? உன்ர பேர்தானோ?"

"ஓம் அம்மா, என்ர பேர்தான்."

"அப்ப கேட்டிட்டா" என்றார்.

"ஆர்?"

"அம்மாளாச்சி."

பிறகு அழுதார். சந்தோசத்தில் அழுகிறார் என்று நினைத்து நானும் கட்டிப்பிடித்து அழுதேன். சரி, இவ்வளவு செய்திருக்கிறா, இனி என்ன கோபம் என்று முகம் கழுவிக்கொண்டு, எத்தனையோ நாளைக்குப் பிறகு சாமியறைக்குப் போனேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்மாளாச்சியின் படத்துக்குச் செவ்வரத்தம்பூ வைத்திருந்தது. ஆணியில் ஒன்றுமில்லை.

துணி மாற்றக் கழற்றியிருப்பார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பொங்கல் எப்பவோ முடிந்துவிட்டது. படத்துக்குப் பின்னால் பார்த்தேன், தட்டில் பார்த்தேன், கீழே விழுந்ததோ என்று நிலத்தைத் தடவினேன். குசினிக்கு வந்தேன்.

"அம்மா, முடிச்செங்கை?"

அம்மா மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "பொங்கலண்டைக்குக் குடுத்திட்டன்."

"ஏன் குடுத்தனீங்கள்? அண்ணா வரேல்லையே. வந்தாத்தானே குடுக்கிறது?"

அம்மா சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார்.

"அவனை நீயே வைச்சிரு எண்டு சொன்னனான். இருக்கிறவளுக்கு ஒரு வழியைக் காட்டு எண்டு கேட்டனான்."

அம்மாளாச்சி வேலையைத் தந்துவிட்டா. தந்தா என்றால், அம்மா சொன்ன மற்றதற்கும் ஓம் என்று சொல்லிவிட்டா. இத்தனை வருடமாக நான் கேட்ட அந்த ஒரு சொல் வந்தேவிட்டது. அது என்னுடைய வேலையாக வந்தது.

எனக்குப் பெரிய பக்தி இல்லை. இதெல்லாம் மனுசருடைய மனம் என்று யாருக்கும் வியாக்கியானம் சொல்லக்கூடியவள்தான் நான். ஆனால் அந்த நேரம் என் கை தன்பாட்டில் பேர்சைத் திறந்தது. ஐந்து ரூபாய்க் குற்றி ஒன்றை எடுத்தது. கொடியில் கிடந்த என் சால்வையைக் கிழித்தேன். மஞ்சள் டப்பாவைத் தேடி எடுத்தேன். கொட்டிப்போனது. குசினி நிலமெல்லாம் மஞ்சள். அதில் துணியைத் தோய்த்தேன். அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்தார்.

"விடுங்கோ அம்மா. நான் போடுறன் அண்ணாவுக்கு. இனி என்ர முடிச்சு."

"குடுத்ததைத் திருப்பிக் கேக்கிறேல்லைப் பிள்ளை."

"நானோ குடுக்கச் சொன்னனான்? ஆர் கேட்டது உங்களிட்டை?"

கேட்டேன்தானே. அதே குசினியில் பக்கத்தில் இருந்து, எனக்கும் ஒன்று முடிஞ்சு வையுங்கோவன் என்று கேட்டேன்தானே. அம்மா அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"அப்ப எனக்கு இந்த வேலை வேண்டாம். நான் போகேல்லை. திருப்பிக் குடுக்கிறன். அப்ப அவவும் அண்ணாவைத் திருப்பித் தரட்டும்."

சின்னப் பிள்ளைபோல நிலத்தில் இருந்து கத்தினேன். அம்மா எனக்குப் பக்கத்தில் இருந்தார். என் விரல்களில் இருந்த மஞ்சளைத் தன் தலைப்பால் துடைத்துவிட்டார். அடுப்பில் வைத்திருந்த தண்ணீர் வற்றிப் பானை கருகிய மணம் வந்தது. இருவரும் எழும்பவில்லை.

"நீ வேலையை விட்டா அவனும் இல்லை, இதுவும் இல்லை" என்றார். "எனக்கு ஒண்டாவது மிஞ்சட்டும் பிள்ளை."

வேலை ஏற்கும் நாள் காலை அம்மா என் சட்டையை அயன்பெட்டியால் மினுக்கி வைத்திருந்தார். விபூதி பூசிவிட்டார். படலை வரைக்கும் வந்தார். நான் திரும்பிப் பார்த்தபோது அவர் வீட்டுக்குள் போகாமல் வீதியின் மற்றப் பக்கத்தை, வட்டுவாகல் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொடுத்துவிட்டேன் என்று வாய் சொன்னாலும் கண்ணுக்கு அது பிடிபடவில்லைப் போலும். நான் சைக்கிளை நிறுத்தாமல் மிதித்தேன்.

பள்ளிக்கூடத்தில் கையெழுத்து வைத்தேன். பிரதி அதிபர் கேக் வெட்டி எல்லோருக்கும் கொடுத்தார். "என்ன பிள்ளை, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு? சந்தோசமில்லையோ?" என்று கேட்டார். ஓம் ரீச்சர், சந்தோசம்தான் என்றேன். அது பொய்யும் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

பின்னேரம் மைதானத்துக்குப் போனேன். பிள்ளைகள் மாட்டைக் கலைத்துவிட்டு, தங்கள் தங்கள் இடத்தில் எனக்காகக் காத்து நின்றார்கள். அரசாங்கச் சம்பளத்தில் முதல்முறையாக விசிலை ஊதினேன். முதல் பிள்ளை ஓடினாள், இரண்டாவது ஓடினாள், மூன்றாவது கோலோடு வளைவால் வந்தாள். கடற்கரைப் பிள்ளை கையைப் பின்னால் நீட்டிக்கொண்டு ஓடத் தொடங்கினாள். இவ்வளவு நாளும் ஏச்சு வாங்கியவள், எனக்கு வேலை கிடைத்த மகிழ்ச்சியில் அன்றைக்குத்தான் முதல்முறையாகத் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். வெறுங்கை பின்னால் விரிந்தபடியே போனது. மூன்றாவது பிள்ளை வளைவில் கால் தடக்கி விழுந்துவிட்டாள். அது தெரியாமல் இவள் கையை நீட்டிக்கொண்டே ஓடினாள்.

விசிலை ஊதினேன். நிறுத்தாமல் ஊதினேன். அவள் நின்று, வெறுங்கையைப் பார்த்து, என்னிடம் ஓடி வந்தாள்.

"ரீச்சர், நான் திரும்பிப் பாக்கேல்லை! கண்டனீங்களோ?"

"கண்டனான்" என்றேன். "இண்டைக்குத் திரும்பிப் பாத்து வாங்கு."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அப்பிடி வாங்கினாப் பிந்திப் போவமே ரீச்சர்."

"பிந்தினாப் பரவாயில்லை" என்றேன்.